முதல் எக்ஸ்போர்ட் ஆர்டர்: பையர் டிஏ 60 நாள் என்கிறார், எல்சி கேட்டு நிற்பதா?

பின்னல்_தம்பி:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் அப்பா காலத்திலிருந்து பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுக்கிறோம். இப்போதுதான் ஐஇசி (ஏற்றுமதி-இறக்குமதி கோடு) வாங்கினோம், நேரடி ஆர்டர் ஒன்று கைக்கு வரும்போல் இருக்கிறது. பையர் ஜெர்மனி, ஹாம்பர்க். 10,000 டி-ஷர்ட், பீஸ் 3.20 டாலர், மொத்தம் 32,000 டாலர். எஃப்ஓபி தூத்துக்குடி (அங்கே கப்பலில் ஏற்றும்வரைதான் நம் செலவு), ஃபார்வர்டர் (சரக்கைக் கப்பலில் அனுப்பிவைக்கும் ஏஜென்ட்) அவர் சொல்கிற ஆள்.

பேமென்ட் மட்டும் டிஏ 60 நாள் (பில்லில் கையெழுத்துப் போட்டு டாக்குமென்ட்டை எடுத்துக்கொள்வார், பணம் பிறகு), பிஎல் (கப்பலில் ஏற்றியதற்கான சரக்குச் சீட்டு) தேதியிலிருந்து. எல்சி (பணத்துக்குப் பையரின் பேங்க் தரும் வாக்கு) கேட்டால் சின்ன ஆர்டருக்கு அந்தச் செலவு கட்டாது என்று மெயில் போடுகிறார். பேங்க் மேனேஜர் எல்சி இல்லாமல் இறங்காதே என்கிறார். மாமாவோ, டிஏ என்றாலும் டாக்குமென்ட் பேங்க் வழியாகத்தானே போகிறது, என்ன பயம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

அவிநாசி_அக்கா:

தம்பி, டிஏ-யில் பேங்க் வெறும் தபால்காரர்தான் என்று மாமாவிடம் சொல்லுங்கள். உங்கள் பேங்க் ஹாம்பர்க் பேங்குக்கு டாக்குமென்ட்டை அனுப்பும். பையர் அங்கே போய், 60 நாளில் தருகிறேன் என்று பில்லில் கையெழுத்துப் போட்டதும் ஒரிஜினல் பிஎல் அவர் கைக்குப் போய்விடும். பிஎல் இருந்தால் சரக்கு அவருடையது. கெடு நாளில் பணம் வராவிட்டால் இரண்டு பேங்குக்கும் பொறுப்பு கிடையாது. இப்படிப் பேங்க் வழியாகப் பணம் வசூலிப்பதற்கான (கலெக்ஷன்) யுஆர்சி 522 விதிகள் அப்படித்தான். கையெழுத்துப் போட்ட பில்லை வைத்துக்கொண்டு நீங்கள் ஹாம்பர்க்கில் வக்கீல் பிடிக்க வேண்டும். 32,000 டாலருக்கு யார் போவார்கள்?

எக்ஸ்போர்ட் கம்பெனியில் டாக்குமென்டேஷன் பார்ப்பவள் நான். மேனேஜர் சொன்னதும் பாதிதான் சரி. எல்சி-யில் பையரின் பேங்க் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறது, உண்மை. ஆனால் அந்த வாக்கு டாக்குமென்ட்டுக்குத்தான், டி-ஷர்ட்டுக்கு இல்லை. சரக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் காகிதத்தில் ஒரு வரி பிசகினால் பேங்க் மறுக்கலாம்.

உங்களுக்கு நடக்கக்கூடியதையே சொல்கிறேன். 10,000 பீஸுக்கு வெட்டுகிறீர்கள். கடைசி செக்கிங்கில் கறை, ஓட்டை என்று கழித்துப்போக 9,870 தேறுகிறது. எல்சி-யில் பார்ஷியல் ஷிப்மென்ட் (ஆர்டரில் ஒரு பகுதியை மட்டும் அனுப்புவது) கூடாது என்று இருந்தால் அது டிஸ்க்ரிபன்ஸி, அதாவது பேங்க் மறுக்கக்கூடிய பிசகு. எல்சிக்கான யுசிபி 600 விதிகளில் 5 சதவீதம் கூடக் குறைய அனுப்பச் சலுகை உண்டே என்பார்கள். அது கிலோ, மீட்டர் கணக்கில் போகிற சரக்குக்கு. பீஸ் எண்ணிக்கை அல்லது பெட்டி எண்ணிக்கை போட்ட எல்சிக்குக் கிடையாது. எல்சி ஓப்பன் ஆகும் முன்பே, பீஸுக்கும் தொகைக்கும் 5 சதவீதம் கூடக் குறைய என்று எழுதச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், இன்ஸ்பெக்ஷன் சர்டிபிகேட்டில் பையர் கையெழுத்து வேண்டும் என்று ஒரு நிபந்தனை வரும். அதை ஒத்துக்கொண்டால் குடுமி அவர் கையில். அவர் கையெழுத்துப் போடாத வரை உங்களால் பேங்குக்குள் நுழையவே முடியாது. மூன்றாவது ஆள் ஒருவரின் சர்டிபிகேட் என்று மாற்றச் சொல்லுங்கள்.

என் யோசனை: முதல் ஆர்டருக்கு எல்சியும் வேண்டாம், டிஏவும் வேண்டாம். 30 சதவீதம், அதாவது 9,600 டாலர் அட்வான்ஸ் டிடி-யில் (டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர், பேங்கிலிருந்து பேங்குக்கு நேரடிப் பணம்) வந்த பிறகு நூல் வாங்குங்கள். மீதி 22,400 டாலர், பிஎல் காப்பியை மெயிலில் பார்த்ததும் அனுப்ப வேண்டும். பணம் ஏறிய பிறகுதான் ஒரிஜினல் கூரியரில் போகும். எல்சி செலவு கட்டாது என்றவருக்கு இதில் எல்சி செலவே இல்லை.

கோவை_ஃபாரெக்ஸ்:

அக்கா சொன்னது சரி. நான் பேங்க் ஃபாரெக்ஸ் டெஸ்க்கில் இருந்தவன். தம்பி, டிஏ கொடுத்தே ஆக வேண்டும் என்று வந்தால் விலையை மாற்றுங்கள். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் ஆர்டர் 27.2 லட்சம். 9 சதவீத வட்டியில் 60 நாளுக்குச் சுமார் 40,000 ரூபாய். பீஸுக்கு 4 ரூபாய். அந்த வட்டியை நீங்கள் கைப்பணத்திலிருந்து பையருக்காகக் கட்டுகிறீர்கள்.

டாலர் விஷயத்தையும் விடாதீர்கள். 5 சதவீத லாபம் என்றால் 1.36 லட்சம்தான். டாலர் 2 ரூபாய் இறங்கினால் 64,000 ரூபாய் போச்சு, லாபத்தில் கிட்டத்தட்ட பாதி. பேங்கில் ஃபார்வர்டு (பின்னால் வரும் டாலருக்கு இன்றே ரேட்டை உறுதி செய்யும் கான்ட்ராக்ட்) போடுங்கள். நம் ஊர் வட்டி அமெரிக்க வட்டியைவிட அதிகமாக இருக்கும்வரை ஃபார்வர்டு ரேட் இன்றைய ரேட்டைவிடக் கொஞ்சம் கூடவே கிடைக்கும், ஏற்றுமதி செய்கிறவருக்கு அது வரவு. ஆனால் முழுத் தொகைக்கும் போடாதீர்கள். பையர் இழுத்தடித்தால் கான்ட்ராக்டைக் கேன்சல் செய்யவோ தள்ளிப்போடவோ வேண்டி வரும், அப்போது ரேட் எதிராக இருந்தால் நஷ்டம் உங்கள் தலையில்.

இசிஜிசி பாலிசியும் (ஏற்றுமதிப் பணம் வராமல் போவதற்கான இன்ஷூரன்ஸ்) பாருங்கள். 1957-லிருந்து இதற்காகவே இருக்கிற அரசு நிறுவனம். பையர் திவாலானாலோ பணம் தராமல் இழுத்தாலோ பெரும்பகுதி திரும்ப வரும். சரக்கு தரமில்லை என்று பையர் தகராறு செய்தால் மட்டும் அந்த வழக்கு தீரும்வரை கிளெய்ம் நகராது. அப்ரூவல் சாம்பிளில் ஒன்றை சீல் போட்டு உங்களிடமே வைத்திருங்கள்.

பின்னல்_தம்பி:

அக்கா, சார், ரொம்ப நன்றி. 30 சதவீதம் கேட்டு மெயில் போட்டேன், 20-க்குச் சம்மதிக்கிறார். ஒரு சந்தேகம். ஃபார்வர்டர் அவர் ஆள்தானே, ஒரிஜினல் பிஎல் என்னிடம் இருந்தாலும் சரக்கைப் பையரிடம் விட்டுவிட மாட்டாரா?

அவிநாசி_அக்கா:

இதைக் கேட்டது மிகவும் நல்லது, பலர் கேட்காமலே அனுப்பிவிடுகிறார்கள். ஃபார்வர்டர் கொடுக்கிற ஹவுஸ் பிஎல் வேறு, கப்பல் கம்பெனி கொடுக்கிற பிஎல் வேறு. ஹவுஸ் பிஎல் மட்டும் உங்களிடம் இருந்தால், கப்பல் கம்பெனி கணக்கில் சரக்கு ஹாம்பர்க்கில் உள்ள ஃபார்வர்டரின் ஏஜென்ட் பெயரில் போகும். ஒரிஜினல் இல்லாமல் விடக்கூடாது என்பதுதான் விதி. ஆனால் அந்த ஏஜென்டுக்கு வாடிக்கையாளர் உங்கள் பையர். விட்டுவிட்ட பிறகு ஃபார்வர்டர்மேல் வழக்குப் போடலாம், சரக்கு திரும்பாது.

அதனால் கப்பல் கம்பெனி பிஎல்தான் வேண்டும், கன்சைனி (பெறுநர்) இடத்தில் பையர் பெயர் வராமல் 'டு ஆர்டர்' (நீங்கள் பிஎல்லின் பின்னால் கையெழுத்திட்டுத் தருபவருக்கு) என்று இருக்க வேண்டும் என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். கன்டெய்னர் நிறையாமல் மற்றவர் சரக்கோடு சேர்ந்து எல்சிஎல்-ஆகப் போனால் ஹவுஸ் பிஎல்தான் கிடைக்கும். அப்போது ஃபார்வர்டரை நீங்களே பிடித்து, விலையை சிஐஎஃப்-ஆக (கப்பல் கூலி, இன்ஷூரன்ஸ் சேர்த்த விலை) மாற்றிக் கேளுங்கள். ஃப்ரெய்ட்டையும் இன்ஷூரன்ஸையும் விலையில் ஏற்றிக்கொள்ளலாம்.

20 சதவீதத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன். பையர் கைவிட்டால், அவர் லேபிள் தைத்த டி-ஷர்ட்டை வேறு யாரும் முழு விலைக்கு எடுக்க மாட்டார்கள். சரக்கு துறைமுகத்தில் கிடப்பதற்கான டெமரேஜ் கட்டணத்தையும் ஷிப்பர் (அனுப்பியவர்) என்று உங்களிடம்தான் கேட்பார்கள். 30-ல் நில்லுங்கள். குறைத்தே ஆக வேண்டும் என்றால் 25, அதற்குக் கீழே வேண்டாம்.