ஃபேன்டசி ஃபுட்பாலுக்குச் சம்பளத்தில் எவ்வளவு போகலாம்? வீட்டில் பஞ்சாயத்து

கொலம்பஸ்காரன் (ஆகஸ்ட் 2025)

ஒஹையோவில், கொலம்பஸில் இருக்கிறேன். வந்து ஆறு வருடம் ஆகிறது. முதல் வருடம் என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) பார்த்தபோது முட்டிக்கொள்கிறார்கள், விழுகிறார்கள், விளம்பரம் போடுகிறார்கள் என்பதற்கு மேல் ஒன்றும் விளங்கவில்லை. ஆபீஸில் ஒரு ஃபேன்டசி லீக் உண்டு: நிஜ ஆட்டக்காரர்களைப் பங்குபோட்டு ஆளுக்கொரு கற்பனை டீம், களத்தில் அவர்கள் ஆடுவதை வைத்து நமக்குப் புள்ளி. அதில் பன்னிரண்டாவது ஆள் குறைகிறது என்று என்னை இழுத்துப் போட்டார்கள். அப்புறம் எது நாலாவது டவுன் (கடைசி முயற்சி), பந்தோடு ஓடும் எந்த ரன்னிங் பேக்குக்குக் கெண்டைக்கால் வலி என்று என்னைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன சீசன் மூன்று லீக். ஆபீஸில் 50 டாலர், இங்குள்ள தமிழ் நண்பர்கள் லீக்கில் 250, காலேஜ் பசங்களோடு 100. ஆலோசனை சொல்லும் ஒரு தளத்துக்குச் சந்தா 70. ஞாயிற்றுக்கிழமை ஒரு நண்பர் வீட்டில் எல்லா ஆட்டமும் சேர்ந்து பார்க்கிறோம், அதில் என் பங்கு 130. ஆக 600. இதில் எனக்குக் குற்ற உணர்ச்சியே இல்லை.

பிரச்சினை தினசரி ஆட்டம். சீசன் முழுக்க ஒரே டீமை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டாமல், அந்த வாரத்துக்கு மட்டும் 50,000 டாலர் கற்பனைச் சம்பளத்துக்குள் ஆட்களைப் பொறுக்கி லைன்அப் (அந்த வார டீம்) போட்டு, அதன் மேல் நிஜப் பணம் கட்டுவது. வாரம் இருபது டாலர் என்றுதான் தொடங்கினேன். நவம்பரில் ஒரு வியாழன் இரவு ரேவன்ஸ் அணிக்கு எதிராக ஜமார் சேஸ் என்ற ஆட்டக்காரர் 264 யார்டு தூரம், மூன்று டச்டவுன் (கோல் மாதிரி) அடித்தார். அன்று அவர்தான் என் கேப்டன், அதாவது அவருடைய புள்ளி ஒன்றரை மடங்கு. 180 டாலர் வந்தது. நான் கெட்டது அன்றைக்குத்தான். அதன்பின் வியாழன், ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் போட்டேன். ஜனவரியில் மனைவி கார்டு ஸ்டேட்மென்ட்டைக் கூட்டியபோது, வந்தது போனது கழித்து 1,140 டாலர் நஷ்டம். நான் மனசுக்குள் வைத்திருந்த கணக்கு முன்னூறு, முன்னூற்றைம்பது.

ஆக மொத்தம் 1,740. தமிழ் லீக்கில் மூன்றாவதாக வந்து 300 பரிசு வாங்கினேன், அதை அவள் கணக்கிலேயே எடுக்கவில்லை. "இந்தப் பணத்துக்கு இரண்டு பவுன் வாங்கியிருக்கலாம்" என்றாள். இந்த ஆகஸ்ட் 2025 விலைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் சொல்கிறாள்.

என் கைக்கு வரும் சம்பளம் மாதம் 5,400. வருடத்துக்கு 64,800. அதில் 1,740 என்பது 2.7 சதவீதம்தான். பொழுதுபோக்குக்கு ஐந்து சதவீதம் வரை போகலாம் என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார். அதை வீட்டில் சொன்னால் எடுபடவில்லை. லேபர் டேக்கு (செப்டம்பர் முதல் திங்கள்) முந்தின சனிக்கிழமை ட்ராஃப்ட், அதாவது முறைவைத்து ஆளெடுக்கும் நாள். அதற்குள் ஒரு நம்பர் சொல்லியாக வேண்டும். நீங்களெல்லாம் எப்படி வைத்திருக்கிறீர்கள்?

பிளேனோ கமிஷனர்

தம்பி, டல்லாஸ் பக்கம் 2011-இலிருந்து ஒரு பன்னிரண்டு பேர் லீக்கை நடத்துகிறேன். இருபது டாலரில் ஆரம்பித்தோம். நாலைந்து வருடத்தில் எல்லோருக்கும் சம்பளம் ஏறியது, கிரீன் கார்டு வந்தது, வீடு வாங்கினார்கள், ஒருவர் "500 வைப்போம், அப்போதுதான் சுவாரசியம்" என்றார். யாரும் மறுக்கவில்லை. மறுத்தால் கஞ்சன் என்று பெயர் வருமே! அந்த சீசன் பாதியில் ஒரு நண்பர் டீமைக் கவனிப்பதையே விட்டுவிட்டார். வாரம் தவறாமல் காயம்பட்டவர்களையே ஆட விட்டுக்கொண்டிருந்தார். பிறகுதான் தெரிந்தது, அவருக்கு ஆகஸ்டிலேயே வேலை போயிருந்தது. அந்த 500-ஐக் கிரெடிட் கார்டில் கட்டியிருக்கிறார். எனக்கு இன்றும் அது உறுத்தும்.

இப்போது எங்கள் லீக்கில் 60 டாலர். யார் கை மிகவும் இறுக்கமோ, அவர் வீட்டில் வாய்விட்டுச் சொல்லக்கூடிய தொகை. பணம் வராதவர் ட்ராஃப்டில் உட்காரக் கூடாது, இது மட்டும் இரும்புச் சட்டம். உங்கள் தமிழ் லீக்கில் 250 என்கிறீர்கள். அதில் இரண்டு பேராவது பல்லைக் கடித்துக்கொண்டு கட்டுகிறார்கள் என்று பந்தயம் கட்டுவேன் (பந்தயம் வேண்டாம், ஒரு பேச்சுக்கு).

இன்னொன்று. 1963-இல் ஓக்லண்டில் வின்கன்பாக் என்பவர் எட்டு டீம் வைத்து இந்த விளையாட்டைத் தொடங்கினார். ரெய்டர்ஸ் அணியில் அவருக்குப் பங்கு உண்டு. ஆகஸ்டில் ஆளெடுத்தால் டிசம்பர் வரை அதே ஆட்களோடு குடித்தனம் நடத்த வேண்டும். அதுதான் இதன் ருசி. கட்டியது ஒரு முறை, அதோடு தீர்ந்தது. வியாழன் ஒன்று, ஞாயிறு ஒன்று, திங்கள் ஒன்று என்று புதிதாகக் கட்டுவது வேறு ஜாதி விளையாட்டு. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள்.

கணக்குப்பிள்ளை சியாட்டில்

நானும் ஆடுகிறேன், இரண்டு லீக், மொத்தம் 75 டாலர். எங்கள் வாஷிங்டன் மாநிலத்தில் பணம் கட்டும் தினசரி ஆட்டம் கிடையாது என்பதால் எனக்கு அந்தச் சோதனையே வரவில்லை. ஆகவே நல்லொழுக்கம் பேசும் தகுதி எனக்கில்லை. கணக்கு மட்டும் பேசுகிறேன்.

சம்பளத்தில் எத்தனை சதவீதம் என்ற கேள்வியே உங்களை ஏமாற்றுகிறது. வாடகைக்கும் மளிகைக்கும் போகிற பணத்தில் நீங்கள் மெக்காஃப்ரி மாதிரி நட்சத்திர ஆட்டக்காரரை வாங்க முடியாது. எல்லாம் போக மாதக் கடைசியில் எவ்வளவு நிற்கிறது? அதைப் போடுங்கள்.

கொலம்பஸ்காரன்

வாடகை 1,650. குழந்தையின் ப்ரீஸ்கூல் 480. கார் தவணை, இன்ஷூரன்ஸ் 690. மளிகை, துணிமணி, வெளிச்சாப்பாடு 900. ஊருக்கு 500 (அப்பா பெயரில் வீட்டுக் கடன்). கரண்ட், போன், இன்டர்நெட் 280. இந்தியா டிக்கெட்டுக்கென்று 300 எடுத்து வைக்கிறோம். மொத்தம் 4,800. நிற்பது 600. மனைவி எச்-4 விசாவில் (வேலை விசாக்காரரின் துணைக்குக் கொடுப்பது) இருக்கிறாள், இப்போதைக்கு வேலைக்குப் போக முடியாது.

மெக்காஃப்ரி பெயரை எடுக்காமல் இருந்திருக்கலாம் மேடம். போன வருடம் ட்ராஃப்டில் எனக்கு முதல் வாய்ப்பு, அவரைத்தான் எடுத்தேன். சீசன் முழுக்க நாலே ஆட்டம்.

கணக்குப்பிள்ளை சியாட்டில்

மன்னிக்கவும், எனக்கும் அதே கதிதான்.

சரி, மாதம் 600. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நாலு மாதம், 2,400. அதில் 1,740 போயிருக்கிறது. கிட்டத்தட்ட முக்கால்வாசி. நீங்கள் 2.7 சதவீதம் என்று சொல்வதும் உங்கள் மனைவி இரண்டு பவுன் என்று சொல்வதும் ஒரே பணம். அவர் அதை மிச்சத்திலிருந்து பார்க்கிறார், நீங்கள் சம்பளத்திலிருந்து பார்க்கிறீர்கள். அவசரச் செலவு வந்தால் எடுப்பதும் அந்த மிச்சத்திலிருந்துதானே?

லீக்குகளுக்கு மட்டும் பார்த்தால் 600, அதாவது ஒரு மாத மிச்சம். என்னைக் கேட்டால் அதுவே கொஞ்சம் அதிகம், ஆனால் சண்டை போடும் அளவுக்கு இல்லை. தினசரி ஆட்டத்தில் ஜெயிப்பது பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 2015 பேஸ்பால் சீசனின் முதல் பாதியை வைத்து மெக்கின்ஸி என்ற ஆலோசனை நிறுவனத்து ஆட்கள் ஒரு கணக்கெடுத்தார்கள். ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்த லாபத்தில் 91 சதவீதம் போய்ச் சேர்ந்தது 1.3 சதவீதம் பேருக்கு. கம்ப்யூட்டரில் மாடல் எழுதி ஒரே நாளில் நூற்றுக்கணக்கான லைன்அப் இறக்குகிறவர்கள் இருக்கும் குளத்தில், சேஸ் பிடிக்கும் என்று கேப்டன் போடுகிறவர் மீன்.

அந்த 300 டாலர் பரிசும் வருமானம்தான். வரிக் கணக்கில் காட்டினீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை.

ஓசி லீக்

பாஸ், நாங்கள் ஒரு பைசா கட்டுவதில்லை. ஸ்லீப்பர், யாஹூ, இஎஸ்பிஎன் ஆப் எல்லாம் லீக் நடத்த இலவசம்தானே. பணத்துக்குப் பதில் தண்டனை. கடைசியாக வந்தவர் வாஃபிள் ஹவுஸ் என்ற உணவகத்தில் 24 மணி நேரம் உட்கார வேண்டும். ஒரு வாஃபிள் (கட்டம் போட்ட கேக்) தின்றால் ஒரு மணி நேரம் தள்ளுபடி. அமெரிக்காவில் ஊரெல்லாம் இருக்கிற வழக்கம்தான். போன வருடம் போனது நான். ஒன்பது வாஃபிள், பதினைந்து மணி நேரம். அதிகாலை மூன்று மணிக்கு ஒரு பாட்டி என்னிடம் வந்து "வீட்டில் ஏதாவது பிரச்சினையா மகனே" என்று கேட்டார். இப்போது பதினாலாவது வாரத்தில் எங்கள் லீக்கின் கடைசி இரண்டு பேர் ஆடுகிற வெறியைப் பணம் கட்டுகிற எந்த லீக்கிலும் பார்க்க முடியாது. வாஃபிள் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இன்னும் ஒரு மாதிரி இருக்கும்.

பெயர் வேண்டாம்

பதிவு செய்யாமல் படித்துக்கொண்டிருந்தவன். இதற்காகவே கணக்குத் தொடங்கினேன்.

எனக்கும் ஒரு நல்ல இரவில்தான் ஆரம்பித்தது. உங்களுக்கு 180, எனக்கு 900. அடுத்த சீசன் முடிவில் 11,000 போயிருந்தது. மனைவிக்குத் தெரியாத ஒரு கார்டிலிருந்து. நீங்கள் எழுதியதில் என்னை உட்கார வைத்தது 1,140 இல்லை, அதை முன்னூறு என்று நினைத்துக்கொண்டிருந்தீர்களே, அதுதான். நானும் இரண்டாயிரம் இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆப்பின் செட்டிங்கில் வாரத்துக்கு இவ்வளவுக்கு மேல் பணம் போட முடியாதபடி வரம்பு வைக்கலாம், கணக்கை முழுக்கப் பூட்டவும் செய்யலாம். நான் பூட்டினேன். உங்கள் நிலைமை என்னுடையது போல இல்லாமலிருக்கலாம். யாருக்காவது தேவைப்பட்டால் சூதாட்டப் பழக்கத்துக்கான உதவி எண் 1-800-426-2537, இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள். நான் கூப்பிட்டது பார்க்கிங்கில் காரில் உட்கார்ந்து. பெயர்கூடக் கேட்கவில்லை.

பிளேனோ கமிஷனர்

நன்றி நண்பரே. எழுதியது லேசான காரியமில்லை.

கொலம்பஸ்காரன்

இரண்டு நாளாக இதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நேற்று ராத்திரி குழந்தை தூங்கியபின் மனைவியிடம் போனைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். வாஃபிள் பாட்டி வரைக்கும் சிரித்தாள். அதற்கப்புறம் சிரிக்கவில்லை. "உங்களுக்கு ரகசியக் கார்டு ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். இல்லை, உண்மையிலேயே இல்லை. ஆனால் கேட்கும்படி வைத்துவிட்டேன்.

தினசரி ஆட்டக் கணக்கைப் பூட்டிவிட்டேன். அதில் கிடந்த 23 டாலரை எடுத்தாயிற்று. ஆலோசனைச் சந்தாவும் ரத்து, மெக்காஃப்ரியை எடுக்கச் சொன்னதே அவர்கள்தான். காலேஜ் பசங்கள் லீக்கை ஓசி லீக் ஆக்கலாம் என்று குழுவில் போட்டேன், ஐந்து நிமிடத்தில் எல்லோரும் கட்டைவிரல் காட்டினார்கள். தண்டனை என்ன என்பதில்தான் தகராறு. ஆபீஸ் 50 இருக்கட்டும்.

தமிழ் லீக்கில் 250-ஐ 100 ஆக்கலாம் என்று ஓட்டெடுப்பு வைத்தேன். கமிஷனர் அண்ணன் சொன்னது பலித்தது. குழுவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, ஆனால் தனி மெசேஜில் இரண்டு பேர் "நல்ல வேளை நீ கேட்டாய்" என்றார்கள். இதுவரை ஆறுக்கு நாலு, இன்னும் இரண்டு பேர் போடவில்லை. தோற்றாலும் இந்த வருடம் மட்டும் கட்டிவிடு, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று வீட்டில் உத்தரவாகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்க்கும் பங்கு 130-க்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே எல்லோரும் குடும்பத்தோடு வருவார்கள், பிரியாணி உண்டு.

இந்த முறை எனக்கு ஏழாவது வாய்ப்பு. சேஸ் அதுவரை நிற்க மாட்டார்.