பி.எட். மாணவர்களுக்கு ஃபோனிக்ஸை முதல் செமஸ்டரிலேயே வைக்கலாமா?

மஞ்சக்குப்பம்வாசி:
வணக்கம். கடலூர்ப் பக்கம் ஒரு பி.எட். கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கும் முறை எடுக்கிறேன். டீச்சிங் பிராக்டிஸ் பார்க்கப் போனால், எங்கள் மாணவி வாசிக்க வாசிக்க ஆறாம் வகுப்பே சேர்ந்து வாசிக்கிறது, ஆனால் ஒரு பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, பாடத்தில் இல்லாத சின்னச் சொல் ஒன்றை எழுதிக் காட்டினால் அப்படியே நிற்கிறது. புத்தகத்தில் வரிக்கு மேலே தமிழில் எழுதிவைத்து அதைத்தான் வாசிக்கிறார்கள். லெசன் பிளான் எழுதச் சொல்லித்தருகிறோம், வாசிக்கவே வராத பிள்ளையை என்ன செய்வதென்று சொல்லித்தருவதில்லை. ஃபோனிக்ஸிலிருந்தே, அதாவது எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்று சொல்லித்தருவதிலிருந்தே, தொடங்கலாமா?

நெல்லிக்குப்பம் டீச்சர்:
ஃபோனிக்ஸ் அவசியம் சார். 26 எழுத்து, ஒலியோ சுமார் 44, சொல்லித்தராமல் எப்படி வரும்? ஆனால் முதலில் அந்தப் பிள்ளை தமிழ் வாசிக்கிறதா என்று பாருங்கள். தமிழில் எழுத்துக்கூட்டத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது, தமிழிலேயே தடுமாறினால் அதை அங்கே பிடித்தாக வேண்டும். மேலே தமிழில் எழுதுவதற்காகத் திட்டாதீர்கள், அந்தப் பிள்ளைக்கு இருக்கிற ஒரே பிடி அதுதான். அப்புறம், குண்டூசிக்கும் (pin) 'பின்', குப்பைத்தொட்டிக்கும் (bin) 'பின்' என்றுதான் தமிழில் எழுதுவார்கள். பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

காலாப்பட்டு ஆய்வாளர்:
டீச்சர் சொல்வதைத்தான் 1979இல் இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் எழுதினார், முதல் மொழியில் வந்த வாசிப்புத் திறன் இரண்டாம் மொழிக்கும் கைகொடுக்கும் என்று. ஆனால் தமிழ் முழுசாக வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 1986இல் கஃப், டன்மர் என்ற வாசிப்பு ஆய்வாளர்கள் இருவரும் வாசித்துப் புரிந்துகொள்வதை ஒரு பெருக்கலாகச் சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒரு பக்கம், காதால் கேட்டால் புரிவது இன்னொரு பக்கம். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறியபின் அறிவியலும் ஆங்கிலத்தில் வருகிறது, அந்தச் சொற்களைப் பிள்ளைகள் வீட்டிலோ தெருவிலோ கேட்டதே கிடையாது. ஃபோனிக்ஸோடு கூடவே தினமும் கொஞ்சம் ஆங்கிலத்தில் கதை சொல்லவும் பேச்சுக் கொடுக்கவும் உங்கள் மாணவர்களுக்குப் பழக்குங்கள்.

சிதம்பரம் பேராசிரியர்:
செமஸ்டரில் எங்கே வைப்பது என்பது பெரிய விஷயமே இல்லை. நான் ஒவ்வொரு பயிற்சி மாணவரிடமும் ஒரு பிள்ளையை ஒப்படைத்துவிடுவேன். அந்தப் பிள்ளை வாசிப்பதைப் பெற்றோரிடமும் பள்ளியிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு பதிவு செய்து, எந்த ஒலியில் தடுக்குகிறது, எந்தச் சொல்லை ஊகிக்கிறது என்று குறித்து வருவார்கள், வகுப்பில் எல்லோரும் சேர்ந்து கேட்போம். நாமும் ஒரு பிள்ளையோடு உட்கார வேண்டும் சார், மதிப்பெண் போடக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் இதெல்லாம் காதில் விழாது.

மஞ்சக்குப்பம்வாசி:
சரி சார், எனக்கும் ஒரு பிள்ளை எடுத்துக்கொள்கிறேன். டீச்சர், தமிழ் வாசிப்பைப் பார்க்க எதைக் கொடுப்பது?

நெல்லிக்குப்பம் டீச்சர்:
பாடப்புத்தகம் வேண்டாம், மனப்பாடமாக இருக்கும். தமிழக அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் பள்ளியிலேயே இருக்கும், 'நட' வரிசையில் ஒன்று கொடுங்கள், திணறினால் அதைவிட எளிய 'நுழை' வரிசைக்கு இறங்குங்கள். மற்ற பிள்ளைகள் முன்னால் மட்டும் வேண்டாம் சார்.