குண்டின் நீளமும் குழலின் முறுக்கும்: உங்களுக்கு நேர்ந்தது உண்டா?

கீழக்கரை காக்கா:

நான் துப்பாக்கிக்காரன் இல்லை. முப்பது வருஷம் கப்பல் எஞ்சின் ரூமில் கழித்தவன். மகளைப் பார்க்க நியூ மெக்சிகோ போனபோது மாப்பிள்ளைக்குப் புதிதாக ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. கரிமருந்துத் தோட்டா போட்டுச் சுடுகிற, 19-ஆம் நூற்றாண்டுப் பாணி ரைஃபிள். அங்கே அதற்கென்றே போட்டி வைக்கிறார்கள். இரும்புத் தகட்டில் வெட்டிய கோழி 200 மீட்டரில் நிற்கும், பன்றி 300-இல், வான்கோழி 385-இல், செம்மறிக்கடா 500-இல். குண்டு பட்டு உருவம் சாய்ந்தால்தான் கணக்கு.

மாப்பிள்ளையிடம் இருந்தது 1873-இல் அமெரிக்க ராணுவம் எடுத்த ஸ்பிரிங்ஃபீல்டு மாதிரி, 45-70 தோட்டா. குண்டை அவரே வீட்டுக் கொல்லையில் வார்த்துக்கொள்வார். ஈயம் 20 பங்கு, வெள்ளீயம் 1 பங்கு. அதில் மட்டும் நான் உள்ளே புகுந்தேன். சின்ன வயதில் வலைக்கு ஈயமணி வார்க்கிற இடத்தில் உட்கார்ந்து பார்த்த ஆள் அல்லவா? அச்சில் ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும் ஈயம் மூஞ்சிக்குத் தெறிக்கும். மாப்பிள்ளை அச்சைச் சூடு காட்டாமல் ஊற்றப் போனார், கையைப் பிடித்து நிறுத்தினேன்.

பிரச்சினை ரேஞ்சில்தான். பக்கத்து மேடைக்காரர் நீளமான, முனை கூர்ந்த குண்டு போட்டுக் கடாக்களை வரிசையாகச் சாய்த்தார். மாப்பிள்ளையும் அதே அச்சை வாங்கிவிட்டார். 100 கஜத்தில் தாளில் அழகான வட்டத் துளை. 200-இல் துளை கொஞ்சம் முட்டை வடிவம். 500 மீட்டர் கடாவுக்கு எதிரே 14 குண்டு போட்டதில் ஒன்றுகூடப் படவில்லை. மருந்தை மாற்றினார், கண்குறியை மாற்றினார், மூச்சுப் பிடிப்பதைக்கூட மாற்றினார். கடைசியில் கடாவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தாளைக் கட்டிச் சுட்டுப் பார்த்தோம். ஒரு குண்டு தாளில் விழுந்திருந்தது. துளையே இல்லை, ஒரு அங்குலத்துக்கு மேல் நீளமான கிழிசல். குண்டு பக்கவாட்டில் படுத்துக்கொண்டு போயிருக்கிறது!

அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் வேலையை ஆரம்பித்தேன். துடைக்கும் கம்பியில் துணியை இறுக்கமாகச் சுற்றிக் குழலுக்குள் தள்ளினோம். குழலின் உட்சுவரில் திருகாணி மரை மாதிரி சுற்றிப் போகும் பள்ளம்தான் புரி, குண்டைச் சுழலவைத்து நேராகப் போகச் செய்வது அதுதான். கைப்பிடி பேரிங்கில் சுழலும் கம்பி, அதனால் புரியோடு அதுவும் திரும்பும். கம்பியில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு. அந்தக் கோடு ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி மேலே வரும்போது கம்பி எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று அளந்தால் அதுதான் முறுக்கு. மூன்று தடவை பார்த்தோம், 22 அங்குலம். பக்கத்து மேடைக்காரருடையது ஷார்ப்ஸ் மாதிரி, 18 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நீளமான குண்டுக்குச் சுழற்சி கூட வேண்டும், அங்குலம் குறைந்தால் சுழற்சி கூடும். அங்கேயே எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

மீதி, கிரீன்ஹில் கணக்கு. கிரீன்ஹில், 1879-இல் இங்கிலாந்தில் உல்விச்சில் பீரங்கி அதிகாரிகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். குண்டின் குறுக்களவை அதாலேயே பெருக்கு, அப்புறம் 150-ஆல் பெருக்கு, நீளத்தால் வகு. வருகிற அங்குலத்துக்குள் குழல் ஒரு சுற்று முடித்திருக்க வேண்டும். 0.458 அங்குலக் குறுக்களவுக் குண்டுக்கு, நீளத்தால் வகுக்கும் முன் 31.46 வரும். புது அச்சுக் குண்டை வெர்னியரில் வைத்தேன், 1.45 அங்குலம். வகுத்தால் 21.7. குழலோ 22. நூலிழையில் பற்றாக்குறை. கிட்டத்தில் அது தெரியாது. குண்டு கிளம்பும்போது நொடிக்கு 1200 அடி, போகப்போக ஒலி வேகத்துக்குக் கீழே இறங்கும். அந்த இடத்தில்தான் தலை ஆட ஆரம்பிக்கிறது. கணக்கில் விளிம்பில் நிற்கிற குண்டு தூரத்தில் நிச்சயம் விழும் என்பது என் கட்சி.

---

ஓய்வுபெற்ற ஆர்மரர், பரமக்குடி:

காக்கா, நல்லா இருக்கு. நான் ஆயுதப்படையில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவனாக இருந்த காலத்தில் முறுக்குத் தொல்லையே இல்லாத சாமான்தான் கையில் அதிகம். 410 மஸ்கட். பார்க்க 303 ரைஃபிள் மாதிரியே இருக்கும், குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தண்ணீர்க் குழாய் மாதிரி வழவழ என்று தெரியும். புரி கிடையாது. 1857-க்கு அப்புறம் இந்தியச் சிப்பாய்களுக்கு வெள்ளைக்காரன் வழவழக் குழல் கொடுத்த புத்தியின் தொடர்ச்சி என்றுதான் நான் நினைப்பேன்.

ஒரு தடவை சாயல்குடிப் பக்கம் ஒரு பழைய குடும்பத்தார், உரிமம் சம்பந்தமாக 1853 மாதிரி என்ஃபீல்டு ஒன்றைத் தூக்கிவந்தார்கள். வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி. உள்ளே பார்த்தால் மூன்று புரி, ஆனால் திரும்பவே இல்லையோ என்று தோன்றும். 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று, குழல் 39 அங்குலம், ஆக மொத்தமே அரைச் சுற்றுதான். கட்டையும் தடியுமான குண்டுக்கு அது போதும். பின்னால் தோட்டா வந்து, குறுக்களவு சுருங்கிக் குண்டு நீண்டபோது முறுக்கும் இறுகிவிட்டது. மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளின் 480 கிரெய்ன் (கிரெய்ன் என்பது குண்டின் எடை அளவு) குண்டுக்கு, உங்கள் மாப்பிள்ளையுடையது மாதிரியே, 22 அங்குலம்.

பிள்ளைகள் யாராவது படித்தால்: நம் ஊரில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரித்தால் ஆயுதச் சட்டம் 1959 சும்மா விடாது. வலைக்கு ஈயம் வார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

---

முன்னாள் என்சிசி, மண்டபம்:

காக்கா, ஒரு சந்தேகம். கல்லூரியில் நாங்கள் 22 ரைஃபிளில் சுட்டோம். "குண்டு கனமானால் முறுக்கு கூட வேண்டும்" என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். நீங்கள் கனத்தைப் பற்றிப் பேசவே இல்லையே? உங்கள் கணக்கை அந்த 40 கிரெய்ன் குண்டுக்குப் போட்டுப் பார்த்தேன். நீளம் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, விடை 16-க்குப் பக்கத்தில் நிற்கிறது. அந்த ரைஃபிள்களின் முறுக்கும் 16! இத்தனை வருஷம் கழித்து இது தெரிந்து என்ன, ஸ்கோர் ஏறப் போகிறதா?

---

கீழக்கரை காக்கா:

தங்கச்சி, மாப்பிள்ளை மாட்டியதே அந்தக் கனத்தில்தான். பழைய அச்சுக் குண்டு 500 கிரெய்ன், மொட்டை முனை, நீளம் 1.3. புது அச்சுக் குண்டு 520, கூர் முனை, நீளம் 1.45. "எடை கிட்டத்தட்ட ஒன்றுதானே மாமா" என்றார். எடை ஒன்றுதான். ஆனால் அதே ஈயத்தை மூக்கு நீட்டி இழுத்தாயிற்று. குறுக்களவு மாறாமல் கனம் கூடினால் நீளமும் கூடத்தான் செய்யும், அதனால் உங்களுக்குச் சொன்னது பாதி சரி. முனை மாறும்போது அது காலை வாரிவிடும். நெட்டைப் பம்பரத்தைக் கட்டைப் பம்பரத்துக்குச் சுற்றுகிற வேகத்தில் சுற்றிவிட்டுப் பாருங்கள், எது முதலில் தலையாட்டுகிறது என்று. மருந்தைக் கூட்டி வேகத்தில் சமாளிக்கலாம் என்றால் கரிமருந்தில் அதற்கும் பெரிதாக இடமில்லை. தோட்டாக் கூடு மருந்தால் நிறைந்துவிட்டால் அவ்வளவுதான்.

பழைய மொட்டைக் குண்டுக்கு 24.2 வருகிறது, 22 முறுக்கு தாராளம். அடுத்த ஞாயிறு அதையே போட்டார். காற்று பலமாக இருந்தது, பாம்பன் காற்று மாதிரி இல்லை, இருந்தாலும் பலம். பத்தில் நான்கு கடா சாய்ந்தது. தாளில் எல்லாம் வட்டத் துளை.

---

முன்னாள் என்சிசி, மண்டபம்:

அந்தப் புது அச்சு என்ன ஆச்சு?

---

கீழக்கரை காக்கா:

பக்கத்து மேடைக்காரரே வாங்கிக்கொண்டார். பாதி விலைக்கு.