செம்பனைக் காட்டு ஓட்டம்: பிள்ளைகளோடு போனபோது எதிர்ப்பட்டவை

மூன்றாம் டிவிஷன்காரர்:

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டத்தில் பள்ளி விடுமுறை தோறும் காலையில் நானும் பிள்ளைகள் இருவரும் மண்சடக்கில் (மண்பாதையில்) ஐந்து கிலோமீட்டர் ஓடுவது வழக்கம். அந்தச் சடக்கு எப்படியிருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஜூன் விடுமுறையின் இரண்டாம் வாரத்தில், வெளிச்சம் அப்போதுதான் விழத் தொடங்கிய நேரத்தில், எனக்கு இருபதடி முன்னால் ஓடிக்கொண்டிருந்த பதினொரு வயது மகள் சட்டென்று நின்றாள். அவளுக்கு ஆறடி தூரத்தில், லோரிச் சக்கரம் பதிந்த பள்ளத்தில், முழுக் கறுப்பாக ஒரு நாகம் படமெடுத்து நின்றது.

நான் "ஓடு! ஓடு!" என்று கத்தினேன். அவள் ஓடவில்லை. முகத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பி, ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, ஓரடி, இன்னும் ஓரடி என்று பின்னுக்கு வந்தாள். பாம்பு படத்தைத் தாழ்த்தி, வெட்டிப் போட்டிருந்த மட்டை அடுக்குக்குள் போய்விட்டது. பிறகு வீட்டில் பசியாறிக்கொண்டிருந்தபோது, "ஏன்ப்பா ஓடச் சொன்னீங்க?" என்று கேட்டாள். பாம்பைக் கண்டால் அசையாமல் நின்று, மெதுவாகப் பின்வாங்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

ஓய்வுபெற்ற கிராணி:

நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது நஞ்சைத் துப்பும் நாகம். நான் கித்தாக்காட்டில் (ரப்பர் தோட்டத்தில்) கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்த்த காலத்தில், பெரட்டு (காலை ஆள்கணக்கு) முடிந்து இருட்டோடு பால் எடுக்க மரம் வெட்டப் போன ஒருவர் கண்ணில் நஞ்சு பட்டு, பால் பிடிக்கும் மங்குகள் உருள ஓடி வந்து என் காலடியில் விழுந்தார். யாரோ தாய்ப்பால் விடச் சொன்னார்கள், யாரோ புளித்தண்ணீர் என்றார்கள்; நான் எதையும் தடுக்கவில்லை. அது இன்றைக்கும் என்னை அறுக்கிறது.

ஆகவே கேட்காமலே சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நஞ்சு கண்ணில் பட்டால் கசக்கக் கூடாது. சுத்தமான தண்ணீரை கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஊற்றிக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். எரிச்சல் அடங்கிவிட்டது என்று வீட்டில் இருந்துவிடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடித்துவிட்டால் கட்டுப் போடுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 999ஐ அழைக்க வேண்டும். செம்பனைக் காட்டில் ஒரு நிரை குலை வெட்டுபவர்கள் நடக்கும் பாதையாகவும், அடுத்தது மட்டை அடுக்கும் இடமாகவும் இருக்கும். உதிரிப் பழத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும், இரண்டுமே அந்த அடுக்குக்குள்தான் படுத்திருக்கும் என்பதால், பிள்ளைகளைச் சடக்கின் நடுவில் மட்டும் ஓடவிட வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். காலில் சிராய்ப்போடு கால்வாயில் இறங்கவிடக் கூடாது. நேரமும் முக்கியம். 1982 ஜனவரி முதல் நாள் கடிகாரத்தை அரை மணி முன்தள்ளியதிலிருந்து நமக்கு ஏழு மணி என்பதே விடியற்காலைதான். ஏழரைக்கு முன் யாரும் புறப்படத் தேவையில்லை. பிள்ளைகளுக்குச் சாதாரணக் கண்ணாடி ஒன்று மாட்டிவிட்டாலும் பாதி ஆபத்து குறையும். உண்மையைச் சொன்னால், பட்டணத்துத் திடலில் ஓடலாமே என்பதுதான் என் கருத்து.

லயத்துவீட்டு மருமகள்:

கிராணி ஐயா, திடலில் ஓடலாம் என்பது காரில் போய்வர முடிந்தவர்களுக்குச் சரி. எங்கள் பிள்ளைகளுக்கு வாசலைத் தாண்டினால் காடுதான். பாம்பை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன்.

தாப்பாவை அடுத்த செண்டெரியாங்கில், நெடுஞ்சாலையிலிருந்தே தெரியுமே, அந்த லாத்தா கிஞ்சாங் அருவிக்கு ஒரு டிசம்பரில் குடும்பமாகப் போயிருந்தோம். கீழே நல்ல வெயில். பிள்ளைகள் பாறைக்குப் பாறை தாவிக்கொண்டிருந்தார்கள். கரையில் உட்கார்ந்திருந்த என் மாமியார், முப்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர், திடீரென்று எழுந்து, "எல்லாரும் மேல வாங்க" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு மாறுவதையும், மக்கிய இலைகள் கொத்துக் கொத்தாக வருவதையும் அவர் பார்த்துவிட்டார். மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயிலிலும் வெள்ளம் இறங்கும். மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயர் என்பது அதைத்தான்.

பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். நான் மட்டும் சாப்பாட்டுத் தூக்கை எடுக்கத் திரும்பினேன். மாமியார் என் முந்தானையைப் பிடித்து இழுத்த இழுப்பில் பாறையில் முழங்கால் இடித்தது. அடுத்து வந்த சத்தம் லோரி ஒன்று கல்லைக் கொட்டுவது போலிருந்தது. தூக்கு இருந்த பாறை கண்ணுக்குத் தெரியவில்லை. அன்று வீடு திரும்பும்வரை அவர் என்னோடு பேசவில்லை, மகன்தான், "அம்மா, நாசி லெமாவுக்கா போனீங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

கூகைப் பெட்டி:

கிராணி ஐயா எலிக்குப் பாம்பு வரும் என்றார். எங்கள் தோட்டத்தில் எலிக்குக் கூகை வைத்திருக்கிறார்கள், கம்பத்தின் மேல் மரப்பெட்டியில். அதைத் தம்பிக்குக் காட்டத்தான் அந்திநேரத்தில் ஓடப் போனோம். எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, முழங்கால் உயரப் புல்லிலிருந்து மஞ்சள் கோடு போட்ட காட்டுப்பன்றிக் குட்டிகள் ஐந்தாறு சடக்கைக் கடந்தன. தம்பி, "அழகா இருக்கு" என்று இரண்டடி எடுத்து வைத்தான். தாய் மறுபக்கத்தில் நின்றிருந்தது. அதன் வாடைதான் முதலில் வந்தது, பிறகு ஒரே ஒரு உறுமல். நான் தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்திருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் விட்டேன் என்று அக்காள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: மூன்றாம் டிவிஷன் அண்ணன் கத்தியதைத் தவறு என்று யாரும் நேராகச் சொல்லவில்லையே, ஏன்?

மூன்றாம் டிவிஷன்காரர்:

தம்பி, தவறுதான். அவள் நான் கத்தியபடி திரும்பி ஓடியிருந்தால் காலடியைப் பார்க்காமல் மட்டை அடுக்குப் பக்கம்தான் ஓடியிருப்பாள். பள்ளத்தின் அந்தப் பக்கம் வேறு வழி இல்லை என்பதை மறுநாள் தனியாகப் போய்ப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

கிராணி ஐயா சொன்னபடி பட்டணத்தில் கண்ணாடி இரண்டு வாங்கிவிட்டேன். மகள் போட்டுக்கொண்டு ஓடுகிறாள். எட்டு வயது மகன் அதைப் போட்டுக்கொண்டே தூங்குகிறான். புறப்படும் நேரத்தை ஏழரைக்கு மாற்றியாயிற்று; இப்போது நான் முன்னால், அவள் நடுவில். அவள் கேட்ட கேள்விக்கு மட்டும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை.