தோட்டத்து வீடு குரூப்: ஓரி விழாவுக்கு யார் யார்?

வியாழன், ஜூலை 30

கார்த்தி: எல்லாருக்கும் வணக்கம். கொல்லிமலை வல்வில் ஓரி விழாவுல எங்க பறை குழுவுக்கு நேரம் குடுத்துட்டாங்க. ஞாயித்துக்கெழம 2ஆம் தேதி சாயங்காலம் 6 மணி, செம்மேடு மேடை. மொத்தம் 20 நிமிஷம். வர்றவங்க வாங்க

விஜயா: சூப்பர் கண்ணு

கோகுல்: மச்சா 🔥🔥🔥

மோகன்: 6ன்னா எத்தனை

கார்த்தி: ஏழரை மாமா. பேசறவங்க பேசி எறங்கோணும்ல

மோகன்: ஏழரையா. நல்ல நேரந்தான்

திவ்யா: சனி, ஞாயிறு, ஆடி 18க்கு திங்க உள்ளூர் விடுமுறை. மூணு நாளும் மலையிலயே இருக்கலாமே. எல்லாரும் ஒண்ணா வெளிய போயி எத்தனை வருஷமாச்சு

கோகுல்: ஏற்காடு

திவ்யா: அதப் பத்திப் பேசாத

மோகன்: 11 பேரு, ஒரு பாத்ரூமு. ரூம் போட்டது யாருன்னு நான் சொல்லல

பிரபு: மாமா அது ரெண்டுன்னுதான் போன்ல சொன்னாங்க. இன்னும் எத்தனை வருஷத்துக்கு

பிரபு: அப்பறம் திங்க எனக்கு லீவு இல்ல. கலெக்டர் அறிவிப்புல கடைசி வரி பாருங்க. செலாவணி முறிச் சட்டத்துல வராதுன்னு போட்டிருக்கும். பேங்குக்கு கெடையாது. 1881ல போட்ட சட்டம்

மோகன்: வெள்ளக்காரன் போயும் உன்ற லீவ உட மாட்டேங்கறான்

ராமசாமி: கார்த்திக்கு ஆசி. குழுவில் உள்ள இளையவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஓரி விழா என்றால் பூக்கண்காட்சி, வில்வித்தைப் போட்டி, பஜ்ஜி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கொல்லியை ஆண்ட ஓரியைப் பற்றி, புறநானூற்றில் 152ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். பாடியவர் வன்பரணர். காட்டில் ஒரு வேடன் அம்பு விடுகிறான். அது யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. இதைப் பார்த்த பாணர் கூட்டம், இவன் ஓரியாக இருப்பானோ என்று அங்கேயே கச்சேரி ஆரம்பிக்கிறது. முழவு, யாழ், தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை. இதில் யாழ் நரம்பு, தூம்பு துளை. மீதி நாலும் தோல்கருவி. கவனிக்க: தோல்கருவி. பாடி முடித்து ‘கோ’ என்று சொன்னதும், அது தன் பேர் என்பதால் அவன் வெட்கப்பட்டானாம். பிறகு மான்கறியும் மதுவும் கொடுத்து, பொன்னும் மணியும் கொடுத்து அனுப்பினான். தோல் அடிப்பவனைப் பார்த்து அன்றைக்கு யாரும் பந்தியிலிருந்து எழுந்து போகவில்லை.

கோகுல்: கொல்லிமலைல ஃபர்ஸ்ட் லைவ் ஷோ 😮

பிரபு: அப்பா கடைசி வரி தேவையா

திவ்யா: அப்பா

ராமசாமி: நான் யாரையும் சொல்லவில்லை. பாட்டைச் சொன்னேன். 153ஆவது பாட்டு இதைவிட அழகு. ஓரி போட்ட சோற்றைத் தின்ற பாணர்கள் பசி போன மயக்கத்தில் ஆடவும் முடியாமல், பாடவும் மறந்துபோனார்களாம்.

கார்த்தி: அப்ப எங்களுக்கு நிகழ்ச்சி முடிஞ்சப்பறம் சாப்பாடு போடச் சொல்லோணும் பெரியப்பா 😄

சுமதி: பெரிய மாமா எழுதுனத ஆத்தாவுக்குப் படிச்சுக் காட்டுனேன். எல்லாங் கேட்டுப்போட்டு, கார்த்தி சாப்புட்டானான்னு கேக்கறாங்க

கார்த்தி: சாப்புட்டேன்னு சொல்லும்மா

மோகன்: ஓரியக் கொன்னது யாருங்க வாத்தியாரே

ராமசாமி: மலையமான் திருமுடிக்காரி. கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர். ஓரி குதிரைக்கு ஓரி.

திவ்யா: ஓரியக் காரி கொன்னான். நம்மள மோகன் மாமா காரு கொல்லும்

மோகன்: ஏம்மா ரேடியேட்டர் மாத்தியாச்சு

கோகுல்: யாரும் திட்டாதீங்க. நான் ஒண்ணு சொல்றேன். நானும் என் ஃப்ரெண்ட்ஸ் மூணு பேரும் சனிக்கெழம புளியஞ்சோலைல இருந்து நடந்தே ஏறி ஆகாயகங்கை அருவிக்குப் போயி, அங்கருந்து செம்மேடு வந்தர்றோம்

விஜயா: நடந்தா???

விஜயா: குரங்கணி மறந்து போச்சா

கோகுல்: அம்மா அது 2018 மார்ச்சு. காஞ்ச காடு, தீ புடிச்சுது. இது ஆடி. மழ

விஜயா: மழைன்னா வழுக்கும். அட்டை கடிக்கும். 20 பேருக்கு மேல போனாங்க. அந்தப் புள்ளைங்களும் அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் போயிருக்கும்

திவ்யா: டேய் வனத்துறை அனுமதி வாங்கியாச்சா? குரங்கணிக்கு அப்பறம் விதியே தனியாப் போட்டாங்க. சும்மா பையத் தூக்கிட்டுப் போக முடியாது

கோகுல்: கேக்கறோம்

மோகன்: கேட்டா குடுக்க மாட்டாங்க. அதனால கேளு

ராமசாமி: நடப்பது பெரிய விஷயம் இல்லை. ரோடு இல்லாத காலத்தில் மலைக்காரர்கள் சாமை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்கு இறங்கி ஏறினார்கள். எங்கள் அப்பாரு ஒரு ஆடி 18க்கு எங்கள் இரண்டு பேரையும் நடத்தியே கூட்டிப்போனார். என் தம்பி, கார்த்தியின் அப்பா சுந்தரத்துக்கு ஏழு வயசு. பாதி வழி என் முதுகில். அன்று ராத்திரி அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் மலைச்சனங்கள் பம்பை அடித்தார்கள். அதற்கு விடிய விடிய ஆடியது யார் என்று சுந்தரத்தையே கேளுங்கள். சட்டையைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டு

கோகுல்: சின்ன மாமாவா 😂😂😂

விஜயா: அண்ணா இத எங்கிட்ட சொன்னதே இல்ல

சுந்தரம்: மும்முனைக் கரண்ட் வந்துருச்சு. இன்னைக்கு மேலத்தோட்டம் முறை. மோட்டார் போட ஆளில்லீன்னா நான் போட்டுக்கறேன்

ராமசாமி: போட்டாச்சு.

மோகன்: ஒரே கெணறு, ஒரே வரப்பு. இதுக்கும் குரூப்ல சேதி

விஜயா: ஏனுங்க கம்முனு இருங்க

வெள்ளி, ஜூலை 31

திவ்யா: சரி கணக்குப் போடுவோம். அப்பா, அம்மா, நான், அத்தை, மாமா, சித்தி. கோகுல் கும்பல் தனி. பிரபு?

பிரபு: ஞாயிறு ராத்திரி எறங்கிருவேன்

மோகன்: ராத்திரில காரவள்ளி வழி 70 கொண்டை ஊசியா. பாத்து

பிரபு: அப்ப காலைல 5 மணிக்கு

விஜயா: நான் 70லயும் வாந்தி எடுத்திருக்கேன். வளைவுக்கு வளைவு நம்பர் போட்டு வெச்சிருக்கறானுங்க. எண்ணிட்டே போனா இன்னும் கொமட்டுது. முள்ளுக்குறிச்சி வழி போலாம்

மோகன்: அது சுத்து

விஜயா: வாந்தி அள்ளறது நீங்களா நானா

திவ்யா: சித்தப்பா வர்றாரா சித்தி

சுமதி: முட்டி வலிங்கறாங்க

திவ்யா: போன வாரம் தென்ன மரத்துல ஏணி வெச்சு ஏறிட்டு இருந்தாரு. அம்மா பாத்துருக்காங்க

சுமதி: அது வேற முட்டியாம்

மோகன்: மச்சானுக்கு முடவாட்டுக்கால் சூப்பு வாங்கிக் குடுத்தா சரியாயிரும். மலைல எங்க பாத்தாலும் விக்கறான். கெழங்குதான், ஆனா பாத்தா ஆட்டுக்கால் மாரியே முடியோட இருக்கும்

பிரபு: நல்லா இருக்குமா

மோகன்: மொளகு நல்லா இருக்கும்

திவ்யா: பிஸியோதெரபிஸ்ட்டா சொல்றேன், சூப்பு குடிங்க, ஆனா ஆகாயகங்கைல எறங்கறவங்க முட்டி பட்டையோட எறங்குங்க. ஆயிரம் படிக்கு மேல. மத்த மலைல ஏறிட்டு எறங்குவோம். இங்க சிரிச்சுட்டே எறங்கிட்டு, நனஞ்ச துணியோட மூச்சு வாங்கிட்டு ஏறோணும். 40 வயசுக்கு மேல இருக்கறவங்க மேல கோயில்லயே இருங்க

விஜயா: எனக்கு 39

மோகன்: நாலாவது வருஷமா

திவ்யா: தண்ணி அதிகமா வந்தா மூடிருவாங்க. போறதுக்கு முன்னாடி கேட்டுக்கலாம்

சுமதி: ஒரு பெரிய பிரச்சன. ஆத்தா ஆடி 18க்கு மோகனூர் காவேரிக்குத்தான் போவோணுங்கறாங்க. 60 வருஷமா உட்டதில்லியாம். மொளப்பாரி ஊறப் போட்டு வெச்சிருக்காங்க

ராமசாமி: அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்தில் ஐயாறு ஓடுகிறது. அதில் குளித்துக் கும்பிடுவதும் ஆடி 18 வழக்கம்தான். அம்மாவிடம் சொல்.

சுமதி: சொன்னேன் மாமா. அது வேற ஆறு, அதுக்கு என்னயத் தெரியாதுங்கறாங்க

கோகுல்: ஆத்தா 😭

விஜயா: ஞாயித்துக்கெழம கார்த்தியப் பாத்துட்டு, திங்க காலைல எறங்கி மோகனூர் போயிரலாமே

பிரபு: நான் 5 மணிக்கு எறங்கறப்ப கூட்டிட்டு வரட்டா

சுமதி: ஆத்தாளுக்கு 5 மணி ஓகே. உனக்குத்தான் கஷ்டம்

விஜயா: கார்த்தி கண்ணு, அத்தைக்கு ஒரு சின்ன உதவி. எங்க வள்ளி கும்மி குழுவுக்கு அரங்கேற்றம் ஆயிருச்சு தெரியுமில்ல. 34 பேரு. ஒரே கலர் சீல. மேடைல ஒரு பத்து நிமிஷம் கெடைக்குமா

கார்த்தி: அத்தை அதெல்லாம் மொதல்லயே எழுதிக் குடுத்து, தேர்வு பண்ணி, பட்டியல் போட்டாச்சு

விஜயா: அஞ்சு நிமிஷம்

கார்த்தி: அத்தை

விஜயா: சரி கீழ நின்னு ஆடிக்கறோம். அதுக்கு யாரும் பட்டியல் போட முடியாதில்ல

மோகன்: 34 சீலையும் என்ற கார்லயா

கார்த்தி: நெஜமாவே ஒரு உதவி வேணும். வர்றவங்க யாராச்சும் பழைய பேப்பர், காஞ்ச ஓலை, வைக்கோலு எது இருந்தாலும் கொண்டாங்க. மலைல சாயங்காலம் பனிமூட்டம் எறங்குனா தோல் நமுத்துப் போயிரும். தீ மூட்டிக் காய்ச்சுனாத்தான் சத்தம் வரும். போன வருஷம் வேற குழு ஒண்ணு ஈர வெறகு வெச்சு ஊதிட்டே இருந்தாங்க, பேரு கூப்புட்டாச்சு, பறை தொம்முன்னுதான் கேட்டுச்சு. 12 பறை, மேடைக்கு ஏறுற வரைக்கும் சூடு இருக்கோணும்

மோகன்: இப்பதான் ஃபைபர்ல வருதாமே. காய்ச்சவே வேண்டாமாம்

கார்த்தி: வருது மாமா. அதுல அடிக்குச்சி உழுவறப்ப நெஞ்சுல வந்து இடிக்காது

மோகன்: பெங்களூருல ஏசில உக்காந்திருந்தா இந்தத் தொல்ல உண்டா. சும்மா சொன்னேன் மாப்ள, கோவிச்சுக்காத

சுமதி: அண்ணா

மோகன்: சும்மாம்மா

இந்தச் செய்தி நீக்கப்பட்டது (ராமசாமி)

திவ்யா: அப்பா என்ன அழிச்சீங்க

ராமசாமி: எழுத்துப்பிழை.

கோகுல்: பெரிய மாமா 14 வரி எழுதிருந்தாரு, நான் பாத்துட்டேன்

பிரபு: எங்க பேங்க்குல பழைய பேப்பர் நெறைய இருக்குது. கேட்டுப் பாக்கறேன்

மோகன்: யாரோட கடன் பத்திரமும் சேந்து எரிஞ்சுட்டா புண்ணியமாப் போவும்

திவ்யா: ரூம் யாரு போடறது. இந்த ரெண்டு நாளும் மலைல எடமே கெடைக்காது

பிரபு: நான் போட மாட்டேன்

கோகுல்: எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு சோளக்காட்டுல வீடு வெச்சிருக்காரு. டென்ட்டும் போடலாமாம்

விஜயா: டென்ட்டா. ஆத்தாவ டென்ட்டுலயா

சுமதி: ஆத்தா கேக்கறாங்க டென்ட்டுன்னா என்னன்னு

கோகுல்: தார்ப்பாய்ல குடிசை ஆத்தா

சுமதி: நெல்லு காவலுக்கு படுத்ததுதானே, படுத்துக்கலாங்கறாங்க

திவ்யா: பாத்ரூம் எத்தனைன்னு கேளு

கோகுல்: கேட்டுச் சொல்றேன்

பிரபு: 😶

மோகன்: சோளக்காட்டு சந்தைல பலா இருக்குமா இன்னும்

ராமசாமி: கடைசிப் பலா. அன்னாசி, மலைவாழை, மிளகு கிடைக்கும். மிளகு வாங்குபவர்கள் தண்ணீரில் போட்டுப் பார்த்து வாங்கவும். மிதந்தால் சொத்தை.

விஜயா: ஏனுங்க, செக்போஸ்ட்ல டிக்கியத் தொறந்து பாப்பாங்க. ஞாபகம் வெச்சுக்குங்க

மோகன்: என்ன இருக்குது டிக்கில. ஸ்டெப்னி

விஜயா: ஸ்டெப்னிக்குக் கீழ

மோகன்: 🙏

சுந்தரம்: காஞ்ச தென்னம்பாளை ரெண்டு சாக்கு கெடக்குது. மழைக்கு முன்னாடியே கொட்டாயில எடுத்துப் போட்டது, ஈரமில்ல. யாரு வண்டில எடமிருக்குது

மோகன்: மச்சான் பாளை எதுக்கு

விஜயா: கம்முனு இருங்கன்னேன்

திவ்யா: சித்தப்பா ❤️

ராமசாமி: பாளை நின்று எரியும். பேப்பர் பொசுக்கென்று போய்விடும்.

கார்த்தி: ஞாயிறு காலைல எங்க வேன் சேந்தமங்கலம் வழியாத்தான் போவுது. எடுத்துக்கலாம்

சுந்தரம்: வாசல்ல வெச்சர்றேன்

சுமதி: வாசல்ல என்னத்துக்கு. உள்ள வந்து சாப்புட்டே போவட்டும். எத்தனை பேரு கண்ணு

கார்த்தி: 12 பேரும்மா

சுமதி: எல்லாரும்

கார்த்தி: அப்பா இருப்பாரா

சுமதி: ஆளுக்கு அஞ்சுன்னா 60 இட்லி. விஜயா, உங்க பெரிய இட்லிக்குண்டா வேணும்

விஜயா: நாளைக்கே கொண்டாறேன் நங்கை

கோகுல்: நாங்களும் வரலாமா இட்லிக்கு

விஜயா: நீ அன்னிக்குக் காட்டுல இருப்பியே

கோகுல்: அனுமதி கெடைக்கலைன்னா

மோகன்: சரி இப்ப கடைசியா சொல்லுங்க. காரவள்ளியா முள்ளுக்குறிச்சியா

பிரபு: காரவள்ளி

விஜயா: முள்ளுக்குறிச்சி

திவ்யா: மறுபடி மொதல்ல இருந்தா

சுமதி: ஆத்தா மோகனூர்ங்கறாங்க

சுந்தரம்: அண்ணா தொட்டி நெறஞ்சு வாய்க்கால்ல போவுது. மோட்டார நிறுத்துங்க

ராமசாமி: செருப்புப் போட்டுட்டு இருக்கேன். நீயே நிறுத்திரு.

சுந்தரம்: சரி