செயற்கைக்கோள் படத்தில் அடர் சிவப்பு, ஆனால் வலையில் மீன் இல்லை. ஏன்?

பூம்புகார்_பொண்ணு:
அப்பா ஃபைபர் படகில் வழிவலை போடுகிறார். ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ், மீன் கிடைக்கக்கூடிய இடத்தைச் சொல்லித் தரும் மீன்வள அறிவிப்பைத் தினமும் நான்தான் போனில் பார்த்துச் சொல்வேன். எந்தத் திசை, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஆழம் என்று அதில் இருக்கும். போன வாரம் அறிவிப்பு வரவில்லை. இணையத்தில் கடலில் மிதக்கும் நுண்பாசியின் பச்சைய அளவைக் காட்டும் செயற்கைக்கோள் படம் ஒன்று கிடைத்தது. கொள்ளிடம் கடலில் சேரும் பழையாறு பக்கம் கரையை ஒட்டி அடர் சிவப்பு, அதாவது பச்சையம் மிக அதிகம். மீனுக்கு இரை அதிகம் என்று நினைத்துச் சொன்னேன். "அது கொள்ளிடத்துக் கலங்கல்மா" என்றார் அப்பா. இருந்தும் எனக்காகப் போனார். ஒன்றும் படவில்லை, டீசல் போனதுதான். மனசு கேட்கவில்லை. நான் எங்கே தவறினேன்?

கடல்நிறம்:
அப்பா சொன்னதுதான் சரி. செயற்கைக்கோள் பச்சையத்தை நேரடியாக அளப்பதில்லை, கடலிலிருந்து திரும்பும் ஒளியின் நிறத்தை வைத்துக் கணக்கிடுகிறது. பச்சையம் நீல ஒளியை உறிஞ்சும். ஆற்று வெள்ளத்தில் வரும் வண்டலும், மக்கிய இலைதழையின் சாயமும் அந்தக் கணக்கைக் குழப்பிவிடும். அதனால் முகத்துவாரத்துச் சிவப்பை அப்படியே நம்பக்கூடாது.

இன்னொன்று, அறிவிப்பு தயாரிப்பவர்கள் தேடுவது சிவப்பை அல்ல, விளிம்பை. வெதுவெதுப்பான நீரும் குளிர்ந்த நீரும் சந்திக்கும் கோட்டில் நுண்பாசி சேரும், அதைத் தின்னும் சிறு உயிர்கள் வரும், அப்புறம்தான் மீன். 2022 நவம்பரில் இஸ்ரோ ஏவிய ஓஷன்சாட்-3 செயற்கைக்கோள் கடலின் நிறத்தைப் பார்க்கிறது, நீரின் வெப்பத்தையும் அளக்கக் கருவி உண்டு. ஆனால் இரண்டுமே மேகத்தைத் தாண்டாது. ஐப்பசி, கார்த்திகையில் அறிவிப்பு விட்டுவிட்டு வருவது அதனால்தான். அதே செயற்கைக்கோளில் காற்றை அளக்கும் ரேடார் மட்டும் மேகத்துக்குள்ளும் பார்க்கும்.

தூத்துக்குடி_சூரைவலை:
தங்கச்சி, தேதியையும் பாரு. நேற்று எடுத்த படத்தில் இருந்த விளிம்பு இன்று நீரோட்டத்தில் நகர்ந்திருக்கும். அறிவிப்பில் சொன்ன இடத்துக்கு நேரே போய் நான் வலையை இறக்க மாட்டேன். நீரோட்டம் போகிற பக்கம் கொஞ்சம் தள்ளி, தண்ணீர் நிறம் மாறுகிறதா, பறவை இறங்குகிறதா என்று பார்த்துத்தான் போடுவேன்.

பூம்புகார்_பொண்ணு:
ரொம்ப நன்றி அண்ணா. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். நீவாடு (நீரோட்டம்) இப்போது தெற்கே போகிறது என்றார். அடுத்த அறிவிப்பு வந்ததும் படம் எடுத்த நாளையும் சேர்த்துச் சொல்கிறேன், எவ்வளவு தள்ளிப் போவது என்று அவரே முடிவு செய்யட்டும்.