ஆல்பனி மணல்காட்டில் பூத்த லூபின்: எந்த வகை?

வணக்கம். நியூயார்க் மாநிலம், ஆல்பனி பைன் புஷ் என்ற இயற்கைக் காப்பகத்தின் அருகே பைனும் குட்டை ஓக்கும் வளரும் மணல் மேட்டில் இந்த நீலப்பூச்செடியைப் பார்த்தேன். முழங்கால் உயரம். விரல் விரித்தாற்போல் 8, 9 சிற்றிலைகள். லூபின் செடிகளில் இந்த மண்ணுக்கே உரிய வகையான லூபினஸ் பெரென்னிஸ் என்று நினைக்கிறேன். தோட்டங்களிலிருந்து பரவும் அமெரிக்க மேற்குப் பகுதி வகையான லூபினஸ் பாலிஃபில்லஸ் இன்னும் உயரம், சிற்றிலைகளும் அதிகம். ஆனால் இரண்டும் கலந்த செடிகளும் உண்டே!

கார்னர் நீல வண்ணத்துப்பூச்சியின் புழு பெரென்னிஸ் இலையை மட்டுமே தின்னும். 1992 முதல் அமெரிக்க மத்திய அரசின் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிற பூச்சி அது. அதனால்தான் உறுதியாகத் தெரிந்துகொள்ளத் துடிக்கிறேன்.

தண்டில் மயிர்கள் விரிந்து நிற்கின்றன. பெரென்னிஸிலேயே ஆக்சிடென்டாலிஸ் என்ற ரகமாக இருக்குமோ? இலை, தண்டு, பூ படங்கள் இணைத்திருக்கிறேன். வேறு எதைப் படமெடுக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.